யூதக்கோயில் தரையை விட்ட வாரம்

சிப்போராவுக்கு இடுப்புவலி கண்ட ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில்தான் அவள் வீட்டுக்கு எதிரே இருந்த யூதக்கோயிலும் தரையை விட்டு ஒரு விரற்கடை மேலே எழும்பியது. குழந்தை பிறந்து, ஆண்பிள்ளை என்று நர்சம்மா வாசலுக்கு வந்து சொல்லி, கிராம்புத்துறை யூதர்களுக்குப் பத்தொன்பது வருஷம் கழித்து ஓர் ஆண்குழந்தை என்று ஆறு வீட்டுக்காரர்களும் அழுதும் சிரித்தும் தேங்காய்ப்பூ போட்ட அவலைத் தெருவெல்லாம் கொடுத்து முடிக்கிற வரைக்கும் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. டீக்கடை செய்யது காக்காதான், ஓர் எறும்பு வரிசை கோயில் சுவருக்கு அடியில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே போவதைப் பார்த்து, குனிந்து, தரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தபால் அட்டையைச் செருகி இழுத்துவிட்டு, "கோயில் கிளம்பிட்டு போலிருக்கே" என்று சொன்னார். சொல்லிவிட்டு, பால் பொங்குகிறதே என்று கடைக்குள் ஓடினார்.

ஏன் எழும்பியது என்று அந்த ஊரில் யாரும் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் கிராம்பு வாங்கக் கப்பலேறி வந்து, இங்கேயே தங்கி, தமிழ் பேசி, முந்நூறு குடும்பமாகப் பெருகியிருந்த யூதர்கள், இஸ்ரேலுக்கும் லண்டனுக்கும் பம்பாய்க்கும் வீடு வீடாகக் கிளம்பிப் போய், கடைசியில் ஆறு வீடும், சேர்ந்து ஜெபிக்கக் குறைந்தது வேண்டிய பத்து ஆண்களும், அதற்கு மேல் ஒருத்தர்கூட இல்லாமல், மிஞ்சியிருந்தார்கள். "போனவிய ஒவ்வொருத்தரும் அவிய அவிய கனத்தையும் பெட்டியில வச்சுக் கொண்டு போயிட்டாவ. கட்டடம் என்ன செய்யும், லேசாப் போச்சு" என்றான் சிப்போராவின் புருஷன் நப்தலி. அவன் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன், கனத்தைப் பற்றித் தெரிந்தவன் என்பதால் அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது.

திங்கட்கிழமை ஒரு சாண், மத்தியானத்துக்கு ஒரு முழம், சாயங்காலம் மார்பு உயரம் என்று கோயில் ஏறிக்கொண்டே இருந்தது, ஊரும் கூடவே தன்னைச் சரிப்படுத்திக்கொண்டது. ரொசாலியின் மூன்று ஆடுகள் அடியில் போய்ப் படுத்தன. இவ்வளவு நல்ல நிழல் இந்தத் தெருவில் என்றைக்கு இருந்தது என்று செய்யது காக்கா தன் பெஞ்சுகளில் ஒன்றை அங்கே நகர்த்தினார். மின்சார வாரியத்து ஆள் வந்து, ஒயரை அவிழ்த்து இன்னும் இரண்டு ஆள் நீளம் விட்டுக் கட்டி, "இதுக்கு மேல போச்சுன்னா எழுதிக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஏணி போட்டு மீட்டரையும் படித்துக்கொண்டு போனார். பேரூராட்சி குமாஸ்தா, அனுமதி இல்லாமல் மாடி எழுப்பியதாக ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். மாடி எழுப்பவில்லை, தரைதான் போய்விட்டது என்று தெருக்காரர்கள் விளக்கியதும், அதற்கு வேறு படிவம் என்று சொல்லித் திரும்பினார். மீன்பிடிக்காரர்கள் கோயில் தூண்களில் கயிறு கட்டி நங்கூரம் போட்டார்கள், நங்கூரமும் கூடவே எழும்பித் தொங்கியது. மணல் மூட்டை அடுக்கினார்கள், மூட்டை அடுக்க அடுக்க இன்னும் இரண்டு விரற்கடை ஏறியது. லண்டனுக்குப் போன ஒரு பணக்காரர், தன் பெயரை நாலு பக்கமும் வெட்டி அனுப்பியிருந்த, ஆறு பேர் தூக்குகிற பித்தளைச் சரவிளக்கு அன்றைக்கென்று லாரியில் வந்து இறங்கியது. அதைக் கஷ்டப்பட்டு உள்ளே மாட்டிய மறு நிமிஷம் கோயில் ஒரு சாண் துள்ளியது.

மற்றவர்களுக்கு இது வேடிக்கை, சிப்போராவுக்குக் கவலை. கிராம்புத்துறை யூதர்களில் பிறக்கிற ஒவ்வோர் ஆண்பிள்ளையையும் எட்டாம் நாள் அந்தக் கோயிலுக்குள் இருக்கிற எலியா தீர்க்கதரிசியின் நாற்காலியில் கிடத்தித்தான் விருத்தசேதனம் செய்வார்கள், பத்து ஆண்கள் சுற்றி நிற்க அங்கேதான் பெயர் சொல்லுவார்கள். அதுவரை பிள்ளையின் பெயர் தாய் தகப்பன் நெஞ்சுக்குள் இருக்குமே தவிர, வாய்விட்டுச் சொல்லக் கூடாது. நாற்காலியை வெளியே எடுக்கலாம் என்றால், அதன் கால்கள் தரைக்கல்லில் ஈயம் ஊற்றி இறுக்கியவை. எட்டாம் நாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பம்பாய்க்குப் போக இரண்டு வீட்டார் ஏற்கெனவே மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். "இந்தப் பிள்ளைக்குக் கோயில்ல பேர் வச்சாச்சுன்னா, அவியளும் இருந்து பாப்போம்னு இருப்பாவ. இல்லைன்னா அவ்வளவுதான். பத்து எட்டாகும், எட்டு ஒண்ணுமில்லாமப் போகும்" என்று கமாலியேல் பெரிய மாமா வாசலில் நின்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அவர் நப்தலியின் பெரியப்பா. ஜெபம் நடத்துகிறவரும் காரியதரிசியும் எல்லாம் அவர்தான்.

சிப்போரா அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமாகி வந்து மூன்று வருஷத்தில் அவள் குரலை அந்தத் தெரு கேட்டதில்லை. மீன் விற்கிற ரொசாலி தினமும் ஜன்னலுக்குக் கீழே கூடையை இறக்கி, "ஏளா, ஒனக்கு வாய் இருக்கா, இல்ல சோறு திங்க மட்டுந்தானா?" என்று கேட்பாள். சிப்போரா சிரித்துவிட்டு விரலால் இரண்டு சாளை வேண்டும் என்று காட்டுவாள். பிள்ளை பெற்ற உடம்பு என்று அவளை இப்போது வெளியே விடவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலடியிலேயே இருந்தாள், அதனால்தான் மற்றவர்கள் பார்க்காததை அவள் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை, வெளுத்தும் வெளுக்காத நேரம், ரொசாலி துறைக்குப் போகிற வழியில் நின்றாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், இடுப்பில் செருகியிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து, கோயில் மதிலில் தானத்துக்கென்று இருந்த மாடத்தில் வைத்துவிட்டு, ஏதோ திருடியவள் மாதிரி விறுவிறு என்று போய்விட்டாள். பொட்டலத்தில் இருந்தது கல்லுப்பு; வெள்ளிக்கிழமை விருந்தில் இவர்கள் ரொட்டியை உப்பில் தொட்டுத் தின்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் முனை திரும்பியதும், நிறைமாதக்காரி மூச்சு விட்டு உட்காருவதைப் போல, மார்பு உயரத்தில் நின்ற கோயில் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. புதன்கிழமை செய்யது காக்கா கடை திறப்பதற்கு முன்னால் ஒரு போத்தல் நல்லெண்ணெயை விளக்குக்கென்று அதே மாடத்தில் வைத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தார். கோயில் கணுக்கால் உயரத்துக்கு வந்தது. சிப்போரா இரண்டையும் பார்த்தாள், யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

கமாலியேல் மாமாவின் பழக்கம் வேறு. ஒரு முழம் திரி கொடுத்தால்கூட கொடுத்தவர் பெயரை எழுதிவைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கோயில் டியூப் லைட்டுகளில் அவர் எழுதிய உபயதாரர் பெயர்களைத் தாண்டி வெளிச்சம் வெளியே வர வழி இருக்காது. மின்விசிறி ஓடினால் மூன்று தலைமுறைப் பெயர்கள் சேர்ந்து சுற்றும். வேத வாசிப்பு முடிந்ததும் கொடுத்தவர்களைப் பெயர் சொல்லி ஆசீர்வதிப்பது அவர்களிடையே உள்ள வழக்கம், அதை அவரைப்போல நீட்டி முழக்கிச் செய்ய ஆளில்லை. உப்புப் பொட்டலத்தில் மீன் வாடை, எண்ணெய் போத்தலில் டீத்தூள். அவருக்குக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வியாழக்கிழமை காலை வாசிப்புக்குப் பத்துப் பேரும் சந்தோஷமாக உள்ளே ஏறினார்கள். வாசிப்பு முடிந்தது. "எங்களுக்கு உப்புத் தந்த ரொசாலியையும், எண்ணெய் தந்த செய்யதுவையும், அவர்கள் வீட்டாரையும்..." என்று மாமாவின் குரல் தெருவுக்குக் கேட்டது. அவ்வளவுதான். கையை விட்ட பலூன் மாதிரி கோயில் பத்துப் பேரோடும் தென்னை உயரத்துக்குப் போய் நின்றது.

மீன்பிடிக்காரர்கள் பெருவலையைக் கொண்டுவந்து நாலு பக்கமும் இழுத்துப் பிடித்தார்கள். வேதச்சுருளை மடியில் கட்டிக்கொண்டு முதலில் கமாலியேல் மாமா குதித்தார், பிறகு ஒவ்வொருவராக மற்றவர்கள். அன்றைக்குக் கிராம்புத்துறையில் வலையில் விழுந்தது பத்து யூதர்களும் ஒரு புறாவும்தான் என்று ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். ரொசாலி கூடையை நடுத்தெருவில் இறக்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "நான் உப்புதானய்யா வச்சேன், வெடியா வச்சேன்?"

நப்தலி உடம்பெல்லாம் வலைத்தடத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். சிப்போரா அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "என்னங்க, சொல்லாமக் குடுத்தா இறங்குது. பேரு வெளிய வந்தா ஏறுது. லண்டன்காரர் விளக்குக்கு அதனாலதான் கனமே இல்ல. நான் ரெண்டு நாளாப் பாத்தேன்."

"பாத்தவ ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே ஏறியிருக்குமே."

அவன் அப்படியே எழுந்தான். தெருவில் போய்ச் சொன்னான். தெருவுக்குப் புரிந்தது, ஆனால் இன்னொரு சங்கடமும் சேர்ந்து புரிந்தது: யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுகிற அந்தத் தெருவில், ஒருத்தருக்கும் தெரியாமல் ஒருத்தர் எதைக் கொடுக்க முடியும்? மத்தியானம் வரை வாக்குவாதம் நடந்து, கடைசியில் செய்யது காக்கா ஒரு வழி சொன்னார். தினமும் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், தெரு முழுக்கக் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார வேண்டும். கொடுக்க நினைக்கிறவர் எழுந்து, தடவித் தடவிப் போய் வைத்துவிட்டு வர வேண்டும். காலடிச் சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறவன் வாய் புழுத்துப் போகும். சிப்போராவுக்கு மட்டும் விலக்கு. பால் கொடுக்கிறவள் கண்ணைத் திறந்து வைத்திருக்கட்டும், எப்படியும் அவள் பேசப்போவதில்லை என்றார்கள்.

வியாழன் சாயங்காலமும் வெள்ளி காலையும் அந்த மணி நேரத்தில் கிராம்புத்துறையைப் பார்த்தால் சாமி வந்த ஊர் மாதிரி இருக்கும். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். செய்யது காக்கா கண்ணை மூடியபடி டீ ஆற்றினார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தடவிக்கொண்டு போனவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்து, யாரை இடித்தோம் என்று தெரியாததால் சண்டை போடவும் வழியில்லாமல் நகர்ந்தார்கள். மாடம் நிறைந்து தரையில் அடுக்கினார்கள்: அவல் மூட்டை, உலர்ந்த திராட்சை, பெண்கள் உட்காருகிற மேல்மாடத்துக்குப் புதுப்பாய், திரைச்சீலைக்குப் பட்டுத்துணி, யாரோ ஒரு மணப்பெண்ணின் கூறைப்புடவையில் கிழித்த ஜரிகை, முப்பது ஓடுகள், ஒரு சைக்கிள் மணி. கொடுக்கப் பொருள் இல்லாதவர்கள் வேலையைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்தார்கள். கையெழுத்துத் தெரிந்துவிடுமே என்று எல்லோரும் இடது கையால் எழுதியதில், ஒரு சீட்டு 'சுவருக்கு வெள்ளையடிக்கிறேன்' என்றும், ஒன்று 'உங்களில் யார் செத்தாலும் தூக்க வருவேன்' என்றும், இன்னொன்று 'சனிக்கிழமை நீங்கள் தீ மூட்டக் கூடாது அல்லவா, நான் வந்து அடுப்பு பார்த்துக்கொள்கிறேன்' என்றும், எல்லாமே மையில் விழுந்த எறும்பு நடந்துபோன மாதிரி இருந்தன. தென்னை உயரத்தில் நின்ற கோயில் பனிக்காலத்துச் சூரியனைப் போல அவசரமில்லாமல் இறங்கி வந்தது.

வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்கியதும் யூதர்கள் எதையும் தூக்கி வரக் கூடாது. கோயில் ஆள் உயரத்தில் நிற்க, அதன் அடியில் ஆடுகளை விலக்கிவிட்டு நின்று அவர்கள் ஜெபம் பண்ணினார்கள். கொச்சியிலிருந்து விருத்தசேதனம் செய்ய வந்திருந்த பெரியவர், இப்படி ஒரு கூரையை நான் பார்த்ததில்லை என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை கொடுத்ததெல்லாம் மற்றவர்கள்தான். கோயில் மார்புக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அது ஒரு முழ உயரத்தில் நின்றுவிட்டது. ஊரே கொடுத்து ஓய்ந்துவிட்டது. ஒரு முழம்தானே என்று நப்தலி படியில் கால் வைத்தால், இதுவரை இல்லாத புதுப்பழக்கமாக, துடுப்புப் பட்ட வள்ளம் மாதிரி கோயில் நழுவி மேலே போய், காலை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்து நின்றது. கொச்சிப் பெரியவர் கத்தியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்தார். "சூரியன் சாயறதுக்குள்ள செஞ்சாகணும். வீட்லயே செஞ்சிடலாம், தப்பில்லை" என்றார். மூட்டை கட்டி வைத்திருந்த இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நப்தலி தலையைத் தொங்கப்போட்டான்.

சிப்போரா ஜன்னலடியில் எழுந்து நின்றாள். ஏன் நின்றுவிட்டது என்று அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரமெல்லாம் கமாலியேல் மாமா ஒரு கண்ணை மட்டும் இடுக்கிப் பார்த்து, ஒரு தாளில் கிறுக்கிக் கிறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதையும், சனிக்கிழமை எழுதக் கூடாது என்பதால் பெயர்களை உதட்டுக்குள் உருப்போட்டுக்கொண்டே நடந்ததையும், இன்றைக்குக் காலையில் விடிந்ததும் விடாததுமாக அத்தனையையும் எழுதி முடித்ததையும் அவள் பார்த்திருந்தாள். புருஷனுக்குப் பெரியப்பா. அவர் முன்னால் அவள் நிமிர்ந்துகூட நின்றதில்லை. பிள்ளையைத் தோளில் போட்டாள், ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"பெரிய மாமா! பையில இருக்கத எடுங்க!"

கோயில் பறந்தபோது ஆச்சரியப்படாத தெரு இப்போது ஆச்சரியப்பட்டது. செய்யது காக்காவின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. ரொசாலி, "யாத்தீ, வாய் இருக்கு!" என்று கன்னத்தில் கைவைத்தாள்.

கமாலியேல் மாமாவின் கை தானாகப் பைக்குப் போனது. மடித்த தாள், நாலு பக்கமும் நெருக்கி எழுதியது. அவர் முகம் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

"கல்லுல வெட்டணும்னு வச்சிருந்தேம்மா. இப்ப இல்ல, பிறகு, எல்லாம் முடிஞ்ச பிறகு. நன்றி சொல்லாம எப்பிடி இருக்கது? போனவிய எத்தனை பேரு... அவிய பேரையெல்லாம் நான்தான் சுவத்துல எழுதிப் பிடிச்சு வச்சிருக்கேன். பேரையும் விட்டா இங்க என்ன இருக்கு?"

"பேரு சொல்லணும்னா எம்பிள்ளை பேரைச் சொல்லுங்க மாமா." அவள் கம்பியை விடவில்லை. "இவியல்லாம் குடுத்தது நாம போனவியளை எண்ணிட்டு இருக்கதுக்கா? இவன் இருக்கான்ல. இவனுக்கு இன்னும் பேரு யாரும் சொல்லலியே."

மாமா தாளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். கிழித்துப் போட்டால் யாராவது பொறுக்கி ஒட்டிப் படிப்பார்கள். அந்தத் தெருவை அவருக்குத் தெரியும். கமாலியேல் மாமா தாளை இன்னும் இரண்டு மடிப்பு மடித்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். தொண்டையில் சிக்கி விழி பிதுங்கியதும் செய்யது காக்கா ஓடிவந்து ஒரு டீயை நீட்டினார். "முழுங்கும் வேய், நல்லா முழுங்கும். சீனி தூக்கலாப் போட்டிருக்கேன்." மாமா ஒரே மடக்கில் குடித்தார். ஊர்க்காரர்களின் பெயர் முழுவதும் அவர் தொண்டையில் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. உடம்புக்குள் போனதை அவராலும் இனி படிக்க முடியாது.

கோயில் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. எல்லா வீட்டு அடுக்களையிலும் பாத்திரம் உருண்டது, துறையில் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன, மூன்று ஆடுகளும் ஒரு வினாடி முன்னதாகவே வெளியே வந்து நின்றிருந்தன.

யார் என்ன கத்தினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. பத்து ஆண்களும் உள்ளே ஓடினார்கள். ரொசாலியும் இன்னும் மூன்று பெண்களும் சிப்போராவை ஒரு நாற்காலியோடு தூக்கிப் பெண்கள் மாடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பிள்ளையை எலியாவின் நாற்காலியில் கிடத்தி, கொச்சிப் பெரியவர் தன் வேலையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்தார். பிள்ளை ஊரே கேட்கும்படி அழுதது.

இனி பெயர் சொல்ல வேண்டும். நப்தலி காதோடு காதாகப் பெயரைச் சொல்ல, கமாலியேல் மாமா திராட்சரசக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார், வாயைத் திறந்தார், நிறுத்தினார். பெயர் சொன்னால் என்ன ஆகும் என்று வியாழக்கிழமை பார்த்தவர்கள்தானே எல்லோரும். நப்தலி தூணைப் பிடித்துக்கொண்டான். வெளியே மீன்பிடிக்காரர்கள் சத்தமில்லாமல் வலையை விரித்தார்கள். மாமா அண்ணாந்து சிப்போராவைப் பார்த்தார். அவள், சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினாள்.

"அசரியா" என்றார் மாமா.

கோயில் அசையவில்லை. "அசரியா" என்று சிப்போரா மேலேயிருந்து சொன்னாள், மூன்று வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்னாள். பத்துப் பேரும் சொன்னார்கள். வெளியே வலையைப் போட்டுவிட்டு மீன்பிடிக்காரர்கள் சொன்னார்கள், போலீஸ்காரர் சொன்னார், ரொசாலி இரண்டு தரம் சொன்னாள். தெரு சொல்லச் சொல்ல, கட்டடம் ஈர மண்ணில் காலை ஊன்றி நிற்கிறவனைப் போல மெல்ல மெல்ல அழுந்தியது, வாசற்படி தெருமட்டத்துக்கு வந்தது, பிறகு அதற்கும் கீழே போனது. பம்பாய்க்குப் போகவிருந்த இரண்டு வீட்டாரும் அன்றைக்கே மூட்டையை அவிழ்த்தார்கள். பேரூராட்சி குமாஸ்தாவிடம் இதற்கும் படிவம் இல்லை. கிராம்புத்துறையில் இன்றைக்கும் யூதக்கோயிலுக்குள் போகிறவர் யாராக இருந்தாலும் தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும்.